விளையாட்டுக்கு எடுத்த முகங்கள்

ஆளைப் படம் பிடித்துப் பிழைக்கிற எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும்: படத்தில் இருப்பது தன் முகம்தான் என்று யாரும் முதல் தடவையே ஒப்புக்கொள்வதில்லை. "என் காது இப்படியா இருக்கு?" என்று கேட்பார்கள். நாம்தான் வேறு யாருடைய காதையோ கொண்டுவந்து ஒட்டிவிட்ட மாதிரி பார்ப்பார்கள். பாஸ்போர்ட் சைஸ் எடுத்துத் திட்டு வாங்கியவர்களே, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவை விட்டுவிட்டு ஏச்சு வாங்கியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பட்டதை நானும் பட்டிருக்கிறேன். ஆனால் கடைசி ஒன்றரை வருஷமாக நான் படுவது வேறு தினுசு.

என் பெயர் தேன்மொழி. நல்லம்பள்ளியில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எனக்கு ஆல்பம் டிசைன் செய்து தரும் பெங்களூருக்காரர் ஒருவர் மூலமாக ஒரு வீடியோ கேம் கம்பெனி வேலை வந்தது. மலையோர ஊர்களில் கொள்ளைக் கும்பலைத் தேடிப் போகும் போலீஸ் படை, அதுதான் கேம். செல்போனை வைத்து விளையாடுகிறவர் அந்தப் படையின் அதிகாரி. உள்ளே நடமாட நிறைய ஊர்ஜனம் வேண்டும். வரைந்து பார்த்தார்களாம், எல்லாம் பொம்மை மாதிரி இருந்ததாம். அதனால் நிஜ முகம் கேட்டார்கள்.

வேலை இதுதான். சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி, நிழல் விழாமல் விளக்கு வைத்து, ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையைச் சுற்றிச் சுற்றி எழுபது எண்பது படம் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதையெல்லாம் ஒட்டி ஒரு முழுத் தலையாக ஆக்கிவிடும். அந்தத் தலையை அவர்கள் எந்த உடம்பின் மேலும் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. எனக்கு ஏற்கெனவே ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. நாள் முழுக்க ஆளைச் சுற்றி நடக்கிற வேலை என்றதும் நமக்கென்றே செய்தது என்று ஒப்புக்கொண்டேன்.

பொட்டு

முதலில் போனது பாப்பிரெட்டிப்பட்டிக்கு. தெரிந்தவர் ஒருவரின் மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி, துணியைக் கட்டி உட்கார்ந்தேன். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் சரோஜா அக்கா வந்தார். கம்பெனிக்காரர்கள் எனக்கு அனுப்பியிருந்த விதிகளில் முதல் விதி, முகத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்பது. பொட்டு, விபூதி, பவுடர், மூக்குத்தி, எதுவும். மூக்குத்தி மின்னினால் கம்ப்யூட்டர் குழம்பிப்போய் மூக்கில் பள்ளம் தோண்டிவிடும்.

மூக்குத்தியைக் கழற்றினார். பொட்டைத் துடைக்கச் சொன்னதும் அக்கா எழுந்து நின்றுவிட்டார். "எதுக்குங்க?" என்றார். விளக்கினேன். பொட்டு இல்லாத முகம் முதலில், வேண்டுமென்றால் அப்புறம் அவர்களே வரைந்துகொள்வார்கள் என்றேன். முந்தானையால் துடைத்தார். எண்பது படம் முடிகிற வரைக்கும் கண்ணை இமைக்காமல், என்னை நம்பாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து முதல் வேலையாகப் பொட்டு வைத்துக்கொண்டு சொன்னார்: "வரையறவங்க கிட்ட நெத்திக்கு நேர் நடுவுல வெக்கச் சொல்லுங்க. எறக்கி வெக்கறவ நானில்ல."

கோபம்

ஏரியூரில் ஓர் உரக்கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் துணி கட்டினேன். உரம் வாங்க வந்த சின்னசாமி அண்ணனைக் கடைக்காரர்தான் உள்ளே தள்ளிவிட்டார். ஐம்பது வயசுக்குக் கொஞ்சம் கீழே. நிலக்கடலை போட்டிருந்தார். வெயிலில் காய்ந்து கறுத்த நல்ல முகம். கன்னத்தில் கோடு கோடாக மடிப்பு. படம் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும், இப்படி ஒரு முகம் கிடைத்தால் கை தானாகப் பரபரக்கும். "நான் அதுல யாருங்க?" என்று கேட்டார். "ஊர்க்காரர்தாங்கண்ணா" என்றேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும்.

ஒவ்வொருவரையும் நாலு விதமாக எடுக்க வேண்டும்: சும்மா இருக்கிற முகம், சிரிப்பு, பயம், கோபம். அண்ணனுக்கு முதல் மூன்றும் வந்தது. கோபம் வரவில்லை. புருவத்தைச் சுருக்கச் சொன்னால் சுருக்குவார், உடனே உதட்டில் சிரிப்பு எட்டிப்பார்க்கும். "யாரு மேலயாவது கோவம் இருந்தா நெனைச்சுக்கங்கண்ணா" என்றேன். நிஜமாகவே யோசித்தார். "அப்படி யாருமில்லீங்களே" என்று வருத்தப்பட்டார். எனக்கோ அடுத்து ஆறு பேர் வெளியே காத்திருந்தார்கள். காமிராவைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைச் சுற்றி மூன்று ரவுண்டு நடந்தேன்.

அப்புறம் ஏதோ தோன்றி, கடலையில் காட்டுப்பன்றி இறங்குமா என்று கேட்டேன். அவ்வளவுதான். போன வாரம் மேட்டுக்காட்டில் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதை நினைத்ததும் அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது, பல் தெரிந்தது. எனக்கே ஒரு நொடி பயமாகப்போயிற்று. விடாமல் சுற்றிச் சுற்றி எடுத்தேன். எடுத்து முடித்ததும் மூச்சை இழுத்து விட்டு, பழைய மனுஷனாகி, கேட்டார்: "போதுங்களா, இல்ல மயில் எறங்கினதையும் சொல்லட்டுங்களா?"

பட்டியல்

இரண்டு மாதம் கழித்து பெங்களூரிலிருந்து ஒரு எக்செல் பட்டியல் வந்தது. அனுப்பியது நிவேதிதா. கம்பெனியில் என்னோடு பேசுவதற்கென்று இருக்கிற ஓசூர்ப் பெண். நான் அனுப்பிய ஒவ்வொரு தலைக்கும் எதிரே என்ன வேஷம் என்று எழுதியிருந்தது. தண்ணீர் எடுக்கும் பெண் 2. டீக்கடை ஆள். ஊர்த் தலைவர். கீழே இறங்க இறங்க, கொள்ளைக்காரன் 1, 2, 3. நாலாவதற்கு எதிரே ஏரியூர் பதினேழு என்று நான் வைத்த கோப்புப் பெயர் இருந்தது. கோப்பைத் திறந்தேன். சின்னசாமி அண்ணன், பன்றியை நினைத்துக்கொண்டு.

இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தேன். கொஞ்சம் சிவந்த முகமெல்லாம் தலைவர், டாக்டர், வியாபாரி. கறுத்த முகமெல்லாம் கூலியாள், குடிகாரன், கொள்ளைக்காரன். போலீஸ் அதிகாரிகளின் முகம் எதுவும் என்னுடைய கோப்பில் இருந்து போகவே இல்லை. எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஸ்டுடியோவுக்குள் போட்டோ எடுக்க உட்கார்ந்திருந்தவரைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டே போன் போட்டேன். "ஏம்மா, ஆளைப் பாத்துதான் பிரிச்சீங்களா?" என்று கேட்டேன். நிவேதிதா மரியாதையான பெண். பொறுமையாகச் சொன்னாள்: "மூஞ்சிய நாங்க யாரும் பாக்கலக்கா. ஸ்கின் டோன் வெச்சு சாஃப்ட்வேரே பிரிச்சுக் குடுத்துடுச்சு."

படுத்திருப்பவர்

அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு ஏரியூருக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேம் வருமோ வராதோ, வந்தாலும் அந்தப் பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நாளைக் கடத்தினேன். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். மனசாட்சிக்கு ஒரு சில்லறைச் சமாதானம்.

பக்கத்தில் இருந்தவர் முருகேசன், நல்லம்பள்ளியில் ஜேசிபி ஓட்டுகிறவர். முகம் எடுக்க வந்தபோதே முடியைச் செம்பட்டையாக அடித்துக்கொண்டு, கூலிங் கிளாஸோடு வந்தவர். கண்ணாடியைக் கழற்றவைக்கப் பெரும் பாடாகிவிட்டது. ஹீரோ வேஷம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பட்டியலில் அவருக்கு எதிரே, "ரோட்டோரப் பிணம் 1" என்றிருந்தது. பெட்ரோல் பங்க்கில் ஆளைப் பிடித்துச் சொன்னேன். முருகேசன் முகம் சுண்டிப்போனது. "எந்த எடத்துலங்க?" என்றார். ஊருக்குள் நுழையும் முதல் வளைவில் என்றேன். "எவ்வளவு நேரம்?" கேம் முடிகிற வரைக்கும் என்றேன். பைக்கின் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டே கொஞ்ச நேரம் கணக்குப் போட்டவர், நிமிர்ந்தபோது தெளிந்திருந்தார்: "ஹீரோ ஓடிப்போயிருவாங்க. நான் அங்கியேதான் கெடப்பேன். எவனா இருந்தாலும் என்னப் பாத்துட்டுத்தான் உள்ள போவணும்."

பதினோரு தடவை

கேம் வந்தது. நான் நினைத்தது தப்பு. எல்லோரும் பார்த்தார்கள். காலேஜ் பஸ்ஸில், டீக்கடையில், என் ஸ்டுடியோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கையில், எங்கே பார்த்தாலும் டப்டப்பென்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். டெங்குக் கொசு மாதிரி அது என் காதுக்குள் புகுந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். தர்மபுரி காலேஜில் இரண்டாம் வருஷம். பெயர் மஞ்சுளா. அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மூக்கு அப்படியே இருந்தது. சின்னசாமி அண்ணனின் மகள். உரக்கடையில் நான் கொடுத்த கார்டை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார், அதைப் பார்த்து வந்திருக்கிறாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த தோழி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். எட்டிப் பார்த்தால் பாறைக்குப் பின்னாலிருந்து அப்பா. கையில் அரிவாள், வாயில் வேறு யாரோ கத்துகிற குரல். சுட்டதும் மல்லாந்து விழுகிறார். கொஞ்ச தூரம் போனால் வேறு சட்டையில் மறுபடியும் அப்பா. அந்தக் கும்பலில் ஆள் குறைச்சல் என்று நாலாம் நம்பரையே திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். மஞ்சுளா அது தன் அப்பா என்று தோழியிடம் சொல்லவில்லை. சொன்னால் மற்ற பெண்களுக்கும் தெரிந்துவிடுமே என்று பயம். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அழவும் இல்லை. பெஞ்சின் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "காலேஜ் போய்ச் சேர்றதுக்குள்ள பதினோரு தடவ சுட்டுட்டாக்கா. நல்ல ஸ்கோர்னு எங்கிட்டயே காட்டுனா."

என்னத்தை

மறுநாளே கிளம்பினேன். பென்னாகரத்தில் பஸ் மாறி ஏரியூர். உட்கார இடம் கிடைத்தும் வழியெல்லாம் நின்றுகொண்டேதான் போனேன். என்ன சொல்வது என்று பத்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். அண்ணன் வீட்டு வாசலில் கடலைச் செடியை உதறிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து, "வாங்க, வாங்க, வூட்டுக்குள்ள வாங்க" என்றதில் பத்தும் மறந்துபோயிற்று.

மஞ்சுளா வீட்டில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானே சொன்னேன். காட்டச் சொன்னார். போனில் கேமைத் திறந்து, தட்டுத்தடுமாறி விளையாடி, அவர் வருகிற இடம் வரைக்கும் கொண்டுபோனேன். பாறைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார். நான் சுடவில்லை. சுடாவிட்டால் அவர் அரிவாளால் வெட்டுவார் என்று எனக்குத் தெரியாது. வெட்டினார். திரை சிவந்து, நான் செத்துப்போனேன் என்று எழுதிக் காட்டியது. அண்ணன் பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தார், நிஜமாகவே எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"இப்படிப் புடிச்சா அருவா நம்ம கையத்தான் அறுக்கும்" என்று முதலில் சொன்னார். அதுதான் அவர் கண்ணில் பட்டது. உள்ளேயிருந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அவர் சம்சாரம் சாந்தாம்மா, "கோழி அறுக்கவே பக்கத்து வூட்டுக்காரரக் கூப்புடற மனுசன் இது" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்விட்டார். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஒரே பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம்.

"ஊர்க்காரர்னுதானுங்களே சொன்னீங்க" என்றார் அண்ணன். அப்போது எனக்கும் அவ்வளவுதான் தெரியும் என்றேன். பட்டியல் வந்து நாலு மாதமாகிவிட்டதையும், பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. செடியிலிருந்து ஒரு கடலையைப் பிய்த்து, உடைத்து, சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகி நான் எழுந்தபோதுதான் கூடவே எழுந்து கேட்டார்: "நான் என்னத்தக் கொள்ளையடிச்சேன்னு அவங்க கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

ஸ்டூல்

பெங்களூருக்கு அதிகாலை பஸ் பிடித்தேன். கம்பெனி ஆபீஸ் ஐந்தாவது மாடியில். நிவேதிதாவை அன்றுதான் நேரில் பார்த்தேன். போனில் பேசுவதைவிடச் சின்னப் பெண். முகங்களை எந்த உடம்பில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டிய ஆர்ட் தலைவர் விவேக்கும் வந்தார். அவரும் தமிழ்தான். முப்பது வயசு இருக்கும். காபி வரவழைத்தார். நான் உட்காரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் பணிந்து பேசிவிடுவேன் என்று பயம்.

முகம் எடுத்த அன்று அண்ணன் கையெழுத்துப் போட்ட படிவத்தை விவேக் எடுத்துக் காட்டினார். எந்த வேஷத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கிறது. இருக்கிறதுதான். கையெழுத்து வாங்கியவளே நான்தானே. "அது இருக்கட்டுங்க, நாலாம் நம்பர் என்னத்தக் கொள்ளையடிச்சாருன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றேன். கும்பல் தலைவனுக்கு மட்டும்தான் கதை எழுதியிருக்கிறார்களாம். அவனுக்குத் தங்கச்சி இருக்கிறாள், துரோகம் செய்த நண்பன் இருக்கிறான். நாலாம் நம்பருக்கு ஒன்றும் எழுதவில்லை. ஓடி வர வேண்டும், விழ வேண்டும், அவ்வளவுதான்.

நிவேதிதா குனிந்துகொண்டாள். அப்புறம் விவேக்கிடம் மெதுவாக, அடுத்த அப்டேட்டில் மாற்றிவிடலாமே என்றாள். அவரும் இளகி, சரி என்றார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். நான் எடுத்த முகங்களெல்லாம் வரிசை வரிசையாக நின்றன. "அவருக்குப் பதிலா யாரப் போடலாம், நீங்களே ஒண்ணு காட்டுங்க" என்றார்.

இதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. இப்போது லேப்டாப்பைப் பார்த்ததும் அதுவும் போயிற்று. சரோஜா அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். உரக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் எனக்காக அசையாமல் உட்கார்ந்தவர்கள். விரலை எதன் மேலும் வைக்க முடியவில்லை. அறையை இரண்டு தடவை சுற்றி வந்தேன். காமிரா பை என் தோளில்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு எனக்கு எங்கும் போகத் தெரியாது. "அந்த போலீஸ் ஆபீசருங்க முகமெல்லாம் யாருது?" என்று கேட்டேன். இங்கே வேலை பார்க்கிறவர்களுடையதுதான் என்றாள் நிவேதிதா. சன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்து அங்கே போட்டு, "அப்ப கொள்ளைக்காரனுக்கும் நீங்களே உட்காருங்க சார். ரெண்டு நிமிஷம்தான்" என்றேன்.

விவேக் முதலில் சிரித்தார். நான் லென்ஸ் மூடியைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கன்னத்தைத் தடவிக்கொண்டார். அப்புறம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொன்னார்: "இல்லீங்க, எங்கம்மா தெனமும் இந்த கேம் விளையாடறாங்க."

ஒரு வரி

அந்தக் கம்பெனி என்னைக் கழற்றிவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. இரண்டாம் பாகம் வருகிறதாம், இன்னும் முகம் வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். நான் விட்டால் வேறு யாராவது வந்து வெள்ளைத் துணி கட்டுவார்கள், அவர்கள் ஏரியூருக்குத் திரும்பிப் போவார்களா என்று தோன்றியது. ஒரு நிபந்தனை வைத்தேன். வேஷம் என்ன என்று முன்கூட்டியே எனக்குச் சொல்ல வேண்டும். படிவத்தில் நான் அதைக் கையால் எழுதிப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். நிவேதிதா மேலே பேசி வாங்கிக் கொடுத்தாள். சாஃப்ட்வேர் பிரிப்பதை நிறுத்தினார்களா என்று கேட்டதற்கு மட்டும், அடுத்து எந்த ஊர் என்று கேட்டுப் பேச்சை மாற்றினாள்.

படித்துக் காட்ட ஆரம்பித்ததும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். குடிகாரன் என்றதும் ஒருவர், நான் பீடிகூடக் குடிக்கிறதில்லை என்று கோபித்துக்கொண்டு போனார். அதுவும் நல்லதுதான், போகிறதற்கு அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே. இந்த நிலைமையில் தையல் கடை லலிதா வந்தாள். அவளுக்குக் குறித்திருந்தது கொள்ளைக்காரி 2. எழுதியதைச் சத்தமாகப் படித்துவிட்டு, அடுத்து என்ன சொல்வாளோ என்று பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். லலிதா ஸ்டூலை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டாள்: "தாராளமா எடுங்கக்கா. கேம் வந்ததும் லிங்க் மட்டும் அனுப்புங்க, எங்க நாத்தனாருக்குக் காட்டணும்."

மம்பட்டி

சொன்னபடி அப்டேட் வந்தது. நாலாம் நம்பருக்கு ஒரே ஆளின் முகமாக இல்லாமல் நாலைந்து பேரைக் கலந்து ஒன்று செய்திருந்தார்கள். யாருடையதும் இல்லையாம். நிறம் மட்டும் அதே நிறம். சின்னசாமி அண்ணனின் முகத்தை, பன்றியை நினைப்பதற்கு முன்னால் எடுத்த சும்மா இருக்கிற முகத்தை, கேமின் மூன்றாவது கட்டத்தில் வயலோரம் நிற்கிற ஊர்க்காரருக்குக் கொடுத்திருந்தார்கள். மஞ்சுளாதான் முதலில் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். அப்பா இப்போது ஓடவில்லை, விழவில்லை, யாரும் சுட முடியாது என்றாள். "கொள்ளைக்காரனுக்கு இன்னும் எங்கப்பா மூக்குதான்க்கா. அது பரவால்ல" என்றாள். எனக்கு அது பரவாயில்லை என்று தோன்றவில்லை. நிவேதிதாவுக்கு மூக்கைப் பற்றி எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. தினமும் காலையில் பார்க்கிறேன்.

அந்த வாரமே ஏரியூருக்குப் போனேன். அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டுபோயிருந்தேன். "நீங்க ஒண்ணும் கொள்ளையடிக்கலீங்கண்ணா. அவங்களுக்கே தெரியல" என்றேன். தலையை ஆட்டினார். சாந்தாம்மா இந்தத் தடவை உட்கார்ந்தே பார்த்தார். போனில் வயலோரம் அண்ணன் நின்றார். கடந்து போகிற போலீஸ் படையைப் பார்த்தபடி, கை இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு, சும்மா நின்றார். பின்னால் பச்சைப் பசேல் என்று பயிர். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டுப் பாயில் கால் நீட்டிக்கூட உட்கார்ந்தேன்.

அண்ணன் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். "எத்தன நேரம் இப்படி நிக்கறேன்?" என்றார். எப்போதும் என்றேன். சாந்தாம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவில்லை. பயிரைக் காட்டி, களை மண்டிக் கிடக்கிறது என்றார்; அது எனக்கு அதுவரை தெரியவே இல்லை. போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாக்கறவங்க சோம்பேறின்னுதான நெனைப்பாங்க? ஒரு மம்பட்டியாவது கையில குடுக்கச் சொல்லுங்க."

நான் மறுபடியும் எழுந்துவிட்டேன். ஒரு முகத்தை எடுப்பது இரண்டு நிமிஷ வேலைதான், அதைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தினார்கள் என்று பின்னாலேயே அலைவதுதான் மீதி உத்தியோகம்.